இரண்டு மணி நேரம்: வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றமும் நம் மௌனமும்

2020 பிப்ரவரி. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து வண்ணாரப்பேட்டையில் பெண்கள் இரவும் பகலும் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் நீலக்கொடியோடு போய் உட்கார்ந்தோம். எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்த வயதான பாய் ஒருவர் எங்கள் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"ஈழத்துக்காகவும் ரோட்டுக்கு வந்தீங்க. இப்ப எங்களுக்காகவும் வந்திருக்கீங்க. சந்தோஷம் தம்பி. ஆனா யாழ்ப்பாணத்துல இருந்து முஸ்லிம் ஜனங்கள ஒரே நாள்ல தொரத்தி உட்டாங்களே, அதுக்கு எப்பவாச்சும் வாயத் தொறந்தீங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. எங்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. தெரிந்த மீதிப் பேர் தெரியாததுபோல இருந்தவர்கள். பாய் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்வியை நாங்கள் பிறகு முகத்துவாரக்குப்பத்துக்கு எடுத்துப்போனோம். கொசஸ்தலை ஆறு கடலில் விழும் இடம் அது. அனல்மின் நிலையத்துச் சாம்பல், துறைமுகம் வந்தபின் மாறிப்போன கடற்கரை, 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்து வலையிலும் படகிலும் அப்பிய எண்ணெய் என்று எல்லாவற்றையும் பார்த்த ஊர். பக்கத்திலேயே எண்ணூரில் பர்மா நகர் இருக்கிறது. பர்மாவில் கடையும் வயலும் வைத்திருந்து, ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள். 'கிளம்பு' என்ற சொல்லுக்கு இந்தப் பகுதி மக்களுக்கு அகராதி தேவையில்லை. அதனால்தான் அங்கே கூடிய இளைஞர்களிடம் இந்த வரலாற்றைச் சொல்லத் துணிந்தோம். அன்று சொன்னதையே இங்கே எழுதுகிறோம்.

வடக்கில் வாழ்ந்தவர்கள்

இலங்கையின் வடக்கு மாகாணம் என்றால் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார். 1990-இல் அங்கே சுமார் 75,000 முஸ்லிம்கள் இருந்தார்கள். மக்கள் தொகையில் இருபதில் ஒருவர். பெரும்பகுதியினர் மன்னாரில் விவசாயமும் மீன்பிடியும் செய்தவர்கள். யாழ்ப்பாண நகரத்தில் சோனகத் தெருவை ஒட்டி வாழ்ந்தவர்கள் தையல், இரும்புக்கடை, இறைச்சிக்கடை, லாரி என்று தொழில் செய்தார்கள். வீட்டில் பேசியது தமிழ். பள்ளியில் படித்தது தமிழ். இலங்கை சிவில் சர்வீசில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ், 1911-இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர்.

இவர்கள் தமிழர்களா என்ற விவாதம் பழையது. 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று எழுதினார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் பற்றிப் பேச்சு எழுந்த காலம் அது. எங்கள் அடையாளத்தை நீர் யார் முடிவுசெய்ய என்று ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் பின்னர் மறுப்பு எழுதினார். 1915-இல் சிங்களக் கும்பல்கள் முஸ்லிம்களைத் தாக்கியபோது, கைதான சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியவரும் இதே இராமநாதன்தான். டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் எல்லோருக்கும் வாக்குரிமை கூடாது என்று நின்றவரும் அவரே.

இதைப் படிக்கும் நம் தோழர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1932-இல் பூனாவில் அண்ணலிடம் என்ன சொன்னார்கள்? நீங்கள் எங்களில் ஒருவர், உங்களுக்கு எதற்குத் தனித்தொகுதி என்றார்கள். தலையை எண்ணும்போது 'எங்களவர்', தண்ணீர் கேட்கும்போது 'தள்ளி நில்'. பெரும்பான்மையின் இந்த இரட்டை நாக்கு நமக்குப் புதிதல்ல.

அந்த அக்டோபர்

1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை இலங்கையை விட்டு வெளியேறியது. ஜூனில் புலிகளுக்கும் அரசுக்கும் மறுபடி போர் மூண்டது. கிழக்கில் அரசு முஸ்லிம் இளைஞர்களை ஊர்காவல் படையில் சேர்த்து ஆயுதம் கொடுத்தது. தமிழரையும் முஸ்லிம்களையும் மோதவிடுவது அதற்கு வசதியாக இருந்தது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள்மீது புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. புலிகள் மறுத்தார்கள், உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். சில நாட்களில் ஏறாவூரில் மறுபடி நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே நாட்களில் வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் ஊர்காவல் படையினரால் கொல்லப்பட்டார்கள். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாமல் விட்டால் இது வரலாறு ஆகாது, கட்சி நோட்டீஸ் ஆகிவிடும்.

ஆனால் வடக்கு வேறு. அங்கே முஸ்லிம்கள் யாரையும் தாக்கவில்லை. ஊர்காவல் படை அங்கே இல்லை. தொடக்கக் காலத்தில் போராட்ட இயக்கங்களில் சேர்ந்து செத்த முஸ்லிம் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

அக்டோபர் நடுவில் சாவகச்சேரியில் தொடங்கியது. அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்களை வெளியேறச் சொன்னார்கள். பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு. பிறகு மன்னார். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களுக்குச் சில நாள் கெடு கொடுக்கப்பட்டது. கத்தோலிக்கக் குருமாரும் சில தமிழ்ப் பெரியவர்களும் முறையிட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கடற்கரையில் காத்துக்கிடந்து, கிடைத்த மீன்பிடிப் படகுகளில் ஏறி, கற்பிட்டிக்குப் போய் இறங்கினார்கள்.

அக்டோபர் 30. யாழ்ப்பாண நகரம். காலையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி சோனகத் தெருப் பக்கம் சுற்றியது. ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். ஏதோ கூட்டம் என்று நினைத்து வந்தவர்களிடம், மேலிடத்து முடிவு, இரண்டு மணி நேரத்தில் எல்லா முஸ்லிம்களும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று அறிவித்தார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆகாயத்தை நோக்கித் துப்பாக்கி வெடித்தது.

இரண்டு மணி நேரத்தில் என்ன எடுக்க முடியும்? நம் மக்களைக் கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றிய நாட்களை நினைத்துப் பாருங்கள். அங்கேயாவது பாத்திரம், பண்டத்தை லாரியில் போட்டுக்கொண்டோம். இங்கே அதுவும் இல்லை. ஐந்து சந்தியில் வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். சில நூறு ரூபாயும் மாற்று உடையும்தான் அனுமதி. நகையைக் கழற்றி வாங்கினார்கள். வீட்டுப் பத்திரமும் காணி உறுதியும் போயின. பெண்களின் காதிலிருந்து தோட்டைப் பிடுங்கியதைப் பலர் பின்னாளில் சாட்சியமாகச் சொன்னார்கள். வசதியான வணிகர்கள் சிலர் முன்பே பிடித்துவைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் திரும்பவே இல்லை.

மாலைக்குள் சோனகத் தெரு காலியாகிவிட்டது. இரண்டு வாரத்துக்குள் வடக்கு மாகாணத்தில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் முஸ்லிம் என்று சொல்ல ஆளில்லை. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். உளவு என்றார்கள். அவர்கள் நன்மைக்கே அனுப்பினோம் என்றும் சொன்னார்கள். நன்மைக்கு அனுப்புகிறவர்கள் எதற்குத் தோட்டைக் கழற்றவேண்டும் என்று முகத்துவாரக்குப்பத்தில் ஒரு அக்கா கேட்டார். இந்த விவாதத்தில் இதைவிட நல்ல கேள்வியை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

இன்னொரு தேதியும் உண்டு. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 அக்டோபர் 30. ராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண மக்கள் அத்தனை பேரும் உடனே வெளியேறவேண்டும் என்று அதே ஒலிபெருக்கிகள் அறிவித்தன. பல லட்சம் தமிழர்கள் மழையில் செம்மணிப் பக்கம் பாலத்தைக் கடக்க நசுங்கி நடந்தார்கள். இதைச் சாபம் என்று சிலர் சொன்னார்கள். எங்களுக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தைக் கேள்வி கேட்காமல் கிளப்ப முடியும் என்று பழகிவிட்ட அதிகாரம், அடுத்த கூட்டத்திடமும் கேட்காது. அவ்வளவுதான்.

அகதி என்று ஒரு சாதி

துரத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் கிடுகுக் கொட்டகை போட்டு ஒதுங்கினார்கள். தில்லையடி, கற்பிட்டி என்று எங்கும் முகாம்கள். முதலில் அங்கிருந்த முஸ்லிம்கள் சோறு போட்டார்கள், இடம் கொடுத்தார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நினைத்தது பத்து வருடம், இருபது வருடம் ஆனபோது குரல் மாறியது. கிணற்றுத் தண்ணீருக்குச் சண்டை. கூலி வேலைக்குச் சண்டை. பள்ளிக்கூடத்தில் இடத்துக்குச் சண்டை. 'அகதி' என்பது ஒரு நிலைமையின் பெயராக இல்லாமல் மனிதர்களின் பெயர் ஆகிவிட்டது. அகதிப் பெண், அகதிப் பையன், அகதி முகாம் பள்ளிக்கூடம். ஒரே மதம், ஒரே மொழி. இருந்தும் நடுவில் ஒரு கோடு. பெயர் சொல்லி ஒதுக்குவது எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் புத்தளத்தைப் பார்க்கலாம்.

ஊரில் சொந்தக் கடை வைத்திருந்தவர்கள் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனார்கள். பெண்கள் உப்பளத்தில் இறங்கினார்கள். உப்பளம் என்றால் உள்ளங்கால் என்ன ஆகும் என்று அத்திப்பட்டுப் பக்கத்து வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2009-இல் போர் முடிந்தது. அப்போதும் இவர்களுக்கு முறை வரவில்லை. கடைசிப் போரில் இடம்பெயர்ந்தவர்கள் 'புதியவர்கள்', 1990-இல் துரத்தப்பட்டவர்கள் 'பழையவர்கள்' என்று பிரித்தார்கள். பழையவர்களுக்கு உதவி குறைவு. திரும்பிப் போனவர்கள் கண்டது காடேறிய காணி, இடிந்த சுவர், தன் வீட்டில் குடியிருக்கும் வேறொருவர். சிலாவத்துறையில் கடற்படை முகாம் மக்களின் நிலத்தில் உட்கார்ந்திருந்தது. மறிச்சுக்கட்டிப் பக்கம் பழைய காணியைத் துப்புரவு செய்தபோது, வில்பத்துக் காட்டை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்று சிங்களப் பேரினவாதிகள் கூச்சலிட்டார்கள். துரத்தியது ஒருவர். திரும்ப விடாதது இன்னொருவர்.

சிறிய கூட்டத்துக்கு இடப்பெயர்வு என்பது வீடு மாறுவது மட்டும் அல்ல. ஈராக்கின் மாண்டேயர்களைப் பாருங்கள். டைக்ரிஸ், யூப்ரடீஸ் ஆற்றங்கரைகளில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாக வாழ்ந்தவர்கள். யோவான் ஸ்நானகனைப் பெரிதாகப் போற்றுகிறவர்கள். படகு கட்டுவதும் பொன், வெள்ளி வேலையும் அவர்கள் தொழில். ஓடுகிற ஆற்றில் முழுகுவதுதான் அவர்கள் மதத்தின் உயிர். கல்யாணத்துக்கும் முழுக்கு உண்டு. சண்டைக்கு ஆயுதம் எடுப்பது அவர்கள் மரபில் இல்லை. வெளியிலிருந்து யாரையும் மதத்தில் சேர்ப்பதும் இல்லை. 2003-இல் அமெரிக்கப் படையெடுப்புக்குப் பிறகு, ஆயுதக் குழுக்கள் அவர்களைக் கடத்தின, மதம் மாறச் சொல்லி மிரட்டின, கொன்றன. ஈராக்கில் ஐம்பது, அறுபதாயிரம் பேர் இருந்ததாக மதிப்பிடப்பட்ட சமூகத்தில் சில வருடங்களில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. மற்றவர்கள் சிரியா, ஜோர்டான், சுவீடன், ஆஸ்திரேலியா என்று சிதறிப்போனார்கள். இன்று சிட்னிக்குப் பக்கத்தில் நேப்பியன் ஆற்றில் இறங்கி முழுக்குச் செய்கிறார்கள். ஆறு கிடைத்துவிட்டது, ஊர் கிடைக்கவில்லை.

முகத்துவாரக்குப்பத்தில் இதைச் சொன்னபோது கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. ஆற்றைக் கெடுத்தால் தொழில் மட்டுமா போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வடக்கு முஸ்லிம்களும் அப்படித்தான் ஊரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். புத்தளத்து முகாம்கள் பலவற்றுக்குப் பழைய ஊரின் பெயரையே வைத்தார்கள். யாழ்ப்பாணத்தைப் பார்த்தேயிராத பிள்ளைகள், தாங்கள் யாழ்ப்பாணத்தார் என்று சொல்லி வளர்ந்தார்கள்.

நாம் ஏன் பேசவில்லை

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் பிரபாகரன் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். அப்போது பக்கத்தில் அமர்ந்திருந்த அன்டன் பாலசிங்கம், முஸ்லிம்களை வெளியேற்றியது ஓர் அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். சில நாளில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமோடு உடன்பாடும் வந்தது. பின்னாளில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எம்.ஏ. சுமந்திரன் இதை இனச்சுத்திகரிப்பு என்றே பகிரங்கமாகச் சொல்லி, சொந்த மக்களிடமே வசை வாங்கினார். செய்தவர்களே தவறென்று சொன்ன ஒன்றை, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த நாம் சொல்லவில்லை.

காரணம் நமக்குத் தெரியும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களை எரித்தார்கள். 2009-இல் முள்ளிவாய்க்காலில் கொத்துக்கொத்தாகக் கொன்றார்கள். அந்தக் கோபம் உண்மை. இன்றும் அது எங்களிடம் இருக்கிறது. அதன் நடுவில் முஸ்லிம்கள் பற்றிப் பேசினால் சிங்கள அரசுக்கு வாய்ப்பாகிவிடும் என்று சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். "முதல்ல விடுதலை, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த வாக்கியத்தை வேறு எங்கே கேட்டிருக்கிறோம்? முதலில் வெள்ளைக்காரன் போகட்டும், தீண்டாமையை அப்புறம் பார்ப்போம் என்று நம் தாத்தாக்களிடம் சொன்னார்கள். முதலில் தமிழன் என்று ஒன்றுசேருவோம், சாதியை அப்புறம் பேசுவோம் என்று இன்றும் நம்மிடம் சொல்கிறார்கள். அந்த 'அப்புறம்' வந்ததே இல்லை. நமக்குச் சொல்லப்பட்டபோது பொய் என்று கண்டுகொண்ட அதே வாக்கியத்தை, வடக்கு முஸ்லிம்களிடம் நாம் சொன்னோம். இதுதான் எங்கள் குற்றம்.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு அக்டோபரும் உண்டு. 1966 அக்டோபர் 21. தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. போலீஸ் அடித்தது, ஊர்வலம் நிற்கவில்லை. அதன் தொடர்ச்சியாகத்தான் 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. கோயிலுக்குள் விடமாட்டோம் என்று வாசலை மறித்தவர்களும் தமிழர்களே. ஆக, ஒடுக்கப்படுகிற இனத்துக்குள் ஒடுக்குகிறவனும் இருப்பான் என்பது யாழ்ப்பாணத்துக்கே தெரிந்த பாடம்தான். 1966-இல் ஊர்வலம் போன அதே நகரத்திலிருந்து, இருபத்து நான்கு வருடம் கழித்து இன்னொரு கூட்டம் கைக்குழந்தைகளோடு வெளியே நடந்தது.

பெரும்பான்மை என்பது எங்கே போனாலும் பெரும்பான்மைதான். தீவு முழுவதற்கும் சிறுபான்மையான தமிழர், வடக்கில் பெரும்பான்மை. அண்ணல் அரசியல் சட்டம் எழுதும்போது ஓயாமல் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். ஒரு போராட்டம் நியாயமானதா என்று அளக்க நமக்கு ஒரே கோல்தான் உண்டு. அதன் கையில் அதிகாரம் வந்த இடத்தில், தன்னைவிடச் சிறியவனை அது எப்படி நடத்தியது?

2019-இல் இங்கே சட்டம் வந்தபோது, அண்டை நாடுகளில் துன்புறும் சிறுபான்மையினருக்குக் கருணை என்றார்கள். மூன்று நாடுகளின் பெயர் இருந்தது; இலங்கை இல்லை. ஆறு மதங்களின் பெயர் இருந்தது; இஸ்லாம் இல்லை. பாகிஸ்தானில் வதைபடும் அகமதியாவுக்கும் இடமில்லை, கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து வளர்ந்த ஈழத்துப் பிள்ளைக்கும் இடமில்லை. ஆக, முகாமில் இருக்கும் தமிழ்ப் பிள்ளையும் வண்ணாரப்பேட்டைத் தெருவில் உட்கார்ந்திருந்த அம்மாவும் ஒரே சட்டத்தால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். இது நமக்கு அன்றே உறைத்திருக்கவேண்டும்.

அங்கே இருப்பவர்கள் நம்மைவிட முன்னே போய்விட்டார்கள். கொரோனா காலத்தில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை இலங்கை அரசு வலுக்கட்டாயமாக எரித்தது. 2021 பிப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழர்கள் நடந்தபோது, அந்த எரிப்பை நிறுத்து என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. வழியில் முஸ்லிம்கள் வந்து கூட நடந்தார்கள். 1990-ஐ அது அழித்துவிடாது. ஆனால் முதல் அடி எப்படி வைப்பது என்று காட்டுகிறது.

முகத்துவாரக்குப்பம் கூட்டத்தின் முடிவில் ஒரு தம்பி எழுந்து, இனி மே மாதக் கூட்டத்தோடு அக்டோபர் 30-க்கும் ஒரு கூட்டம் போடலாமா என்று கேட்டான். சிலருக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் எழுந்தே போய்விட்டார். அவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் பேசுவோம். கூட்டம் போடுவது என்று முடிவாகிவிட்டது.

வண்ணாரப்பேட்டையில் டீ கொடுத்த பாயைத் தேடிக்கொண்டிருக்கிறோம். முதல் ஆளாக அவரைத்தான் அழைக்கவேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு, இத்தனை வருடம் கழித்து, ஆமாம், நாங்கள் பேசவில்லை, இப்போது பேசுகிறோம் என்று நேரில் சொல்லவேண்டும்.

ஜெய்பீம்.